ஒல்லாந்தர் கொடியின் கீழ் ஜேர்மானியக் காலாட்படையினர்: மன்னார்க் கரையோரம், 1658–1803

ஜேர்மானியர் என்றவுடன் தமிழறிந்தோர்க்கு நினைவு வருவோர் சமயத் தொண்டரும் மொழியறிஞருமே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, அகராதி தொகுத்த பப்பிரிசியஸ், திருக்குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்த கிரௌல் எனப் பெயர்கள் நீளும். ஆயின் சீகன்பால்குவுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, அவரிலும் பன்மடங்கு பெருந்தொகையினராய், ஜேர்மானியர் தமிழர் வாழ்ந்த கரைகளில் வந்து இறங்கினர். அவர்கள் கையிலிருந்தது வேதநூலன்று, துவக்கு. அவர்கள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கூலிப்படைக் காலாட்கள். நம் வரலாற்று நூல்கள் அவர்கள் யாவரையும் 'ஒல்லாந்தர்' என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிடுகின்றன. அச்சொல்லைச் சற்றுப் பிரித்து நோக்கின், மன்னார்க் கரையோரத்தின் குடியேற்றவாத வரலாறு வேறொரு முகத்தைக் காட்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மன்னாரின் முக்கியத்துவம் யாது? தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட ஆழங்குறைந்த கால்வாய், மலையாளக் கரைக்கும் சோழமண்டலக் கரைக்குமிடையே ஓடிய சிறுமரக்கலங்களுக்கு வழியாயிருந்தது. அதற்குத் தெற்கே, அரிப்பை ஒட்டிய கடலில் முத்துப்பார்கள் கிடந்தன. தீவில் சங்கும் சாயவேரும் கிடைத்தன. வன்னியிலிருந்து திறையாகப் பெறப்பட்ட யானைகள் வேறு. 1544இல் மன்னாரில் கிறித்தவரான பரதவர் முதலியோர் சங்கிலி மன்னனாற் கொல்லப்பட்டமையும், 1560இல் கொன்சுதந்தினோ த பிறகன்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கிப் பின்னர் மன்னாரிற் கோட்டை அமைத்தமையும் பலரும் எழுதியவை. அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. 1658 பெப்ரவரி 22ஆந் திகதி அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது என்பதே நமக்குத் தொடக்கப் புள்ளி.

அப்படையை நடத்தியவர் றிக்குலோவ் வான் கூன்ஸ். இவர் 1619இல் பிறந்த ஊர் றீஸ். இன்று ஜேர்மனிக்குள் அடங்கும் கிளேவ் சிற்றரசின் நகரம். குடும்பம் ஒல்லாந்தப் படைக்குடும்பமாதலால் அவரை ஜேர்மானியர் எனல் பொருந்தாது. எனினும் எல்லைகள் இவ்வாறு குழம்பிக்கிடந்த நிலத்திலிருந்தே கம்பனிக்கு ஆள் வந்தது என்பதற்கு அவர் பிறப்பிடம் ஓர் அறிகுறி. தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் வான் கூன்சின் கப்பல்கள் மன்னாரை அடைந்தன. கரையில் அகழி வெட்டி எதிர்த்த போர்த்துக்கேயர் சிதறினர், கோட்டை பணிந்தது. அதன்பின் படை பெருநிலத்துக்குக் கடந்து, வன்னியின் மேற்கோரமாய் வடக்கே நடந்து, உப்பேரியைக் கடந்து யாழ்ப்பாணத்தை வளைத்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகையின்பின் 1658 யூனில் யாழ்ப்பாணக் கோட்டை சரணடைந்தது. கோட்டையுட் புகுந்திருந்த குடிசனங்கள் பசியாலும் நோயாலும் பட்ட துயரை, படையுடன் சென்ற போதகர் பிலிப்பு பால்தேயு பதிந்துள்ளார். அவரது பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒல்லாந்த மொழியில் வந்தபோது ஜேர்மன் பதிப்பும் உடன் வந்தது. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பற்றி வாசிக்க அக்காலத்தே ஜேர்மன் மொழியினர் ஆயத்தமாயிருந்தனர் எனின், அவர்தம் மைந்தரும் உடன்பிறந்தோரும் இக்கரைகளிற் கிடந்தமையே அதற்கு ஒரு காரணமாகலாம்.

ஜேர்மன் மொழியிற் படைவீரரே எழுதிய நூல்களும் இக்காலத்தில் தோன்றின. நூரன்பேர்க்கைச் சேர்ந்த யோகான் யாக்கொப் சார் 1640களின் நடுவிற் கப்பலேறியவர். கொழும்பு முற்றுகையிற் பங்குகொண்டவர். அவர் தம் 15 ஆண்டுப் போர்ச்சேவையைப் பற்றிய நூலை 1662இல் நூரன்பேர்க்கில் வெளியிட்டார். வூர்ட்டம்பேர்க்கைச் சேர்ந்த கிறிஸ்தோப் சுவைற்சர் 1676 முதல் 1682 வரை இலங்கையில் இருந்தார். அவரது நாட்குறிப்பு 1688இல் தூபிங்கனில் அச்சாயிற்று. பேர்ண் நகர ஓவியர் அல்பிரெக்ட் எர்போர்ட் சுவிற்சலாந்தராயினும் எழுதியது ஜேர்மன் மொழியிலேயே. 1953இல் றேவன்-ஹார்ட் இவ்வகை நூல்கள் சிலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து, 'ஒல்லாந்தர்கால இலங்கையில் ஜேர்மானியர்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒன்றுசேர்த்தார். நம்மவர் இவற்றைப் பயன்படுத்தியது குறைவு. ஆளுநர்தம் அறிக்கைகளையும் நினைவுக்குறிப்புக்களையுமே பெரிதும் நம்பியுள்ளோம். அறிக்கை எழுதுவோன் நாட்டை வருவாயாகக் காண்பான். காவல் நிற்போன் அதனை வெயிலாகவும் உப்பு நீராகவும் சம்பளப் பிடிப்பாகவும் காண்பான். இரண்டாமவன் கூற்று உண்மையோடு நெருங்கியது என்று கொள்ளவேண்டியதில்லை. ஆயின் முதலாமவன் மறைப்பதை அவன் சில இடங்களில் மறைப்பதில்லை.

இவர்கள் ஏன் வந்தனர்? 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஜேர்மன் நிலங்களைச் சூறையாடிற்று. வூர்ட்டம்பேர்க்கில் மக்கள்தொகை பாதிக்கும் கீழே போயிற்று. வெஸ்ட்பாலிய உடன்படிக்கை கையெழுத்தாகியபோது, துவக்குப் பிடிப்பதன்றி வேறு தொழிலறியாத ஒரு தலைமுறை எஞ்சிநின்றது. அதே ஆண்டுகளில் ஒல்லாந்தக் குடியரசு உலக வணிகத்தின் உச்சியிலிருந்தது. உள்ளூரிற் கூலி உயர்ந்திருந்தமையால் மாதம் ஏறத்தாழ 9 கில்டர் சம்பளத்துக்கு ஆசியாவுக்குச் செல்ல உள்ளூரார் பலர் விரும்பிலர். ஓரிடத்தில் உழைப்பு மலிவாகவும் பிறிதோரிடத்தில் அருமையாகவும் இருந்தமை வணிக முதலாளித்துவத்துக்கு வாய்ப்பாயிற்று. 1602இல் நிறுவப்பட்ட கம்பனி தன் இரு நூற்றாண்டு வாழ்நாளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேரைக் கப்பலேற்றியது. அவருள் மீண்டோர் மூன்றிலொரு பங்கினரே. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் படைவீரருட் பெரும்பான்மையோர் ஒல்லாந்தர் அல்லர். ஜேர்மன் நாட்டினரே அவருள் மிகுதி.

ஆள்சேர்ப்பு நடைபெற்ற முறை தனியே நோக்கற்பாலது. வேலைதேடி ஆம்ஸ்டர்டாமுக்கு வரும் இளைஞனைத் தங்குமனைக்காரர் சிலர் பிடித்துக்கொள்வர். உணவும் உறையுளும் உடுப்பும் கடனாகக் கொடுத்து, கம்பனி ஆள் எடுக்கும்வரை அவனை வைத்திருப்பர். அவன் கப்பலேறும்போது அவனது வருங்காலச் சம்பளத்திலிருந்து 150 கில்டர்வரை பெறும் உரிமைச்சீட்டு அவர்கள் கைக்கு வரும். சம்பளம் சேரும்வரை பொறுக்க முடியாத தங்குமனைக்காரர் அச்சீட்டைக் கழிவுவிலைக்கு வேறொருவருக்கு விற்பர். சீட்டு விற்பவரைக் குறித்த ஒல்லாந்தச் சொல், சிறு ஒலித்திரிபால் மக்கள் வாயில் 'ஆன்மா விற்பவர்' என்று மாறிற்று. பகிடியாகப் பிறந்ததாயினும் அப்பெயர் பொருத்தமானதே. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மன்னார்க் கொத்தளத்திற் காவல் நின்றவனின் முதல் ஓராண்டுக்கு மேற்பட்ட சம்பளம் அவன் கண்டிராத யாரோ ஒருவருக்குச் சொந்தமாயிருந்தது என்பதே அதன் பொருள்.

காவற்படையின் கலப்பை எடுத்துக்காட்ட நல்ல சான்று ஓர் ஆங்கிலேயரிடமிருந்து கிடைக்கின்றது. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், அருவியாற்றின் போக்கைப் பற்றிக் காட்டினூடாக நடந்து, 1679 ஒக்டோபரில் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னாருக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், கோட்டையிற் கம்பனிச் சேவையிலிருந்த ஒரு ஸ்கொத்லாந்தரையும் ஓர் அயர்லாந்தரையும் சந்தித்ததாக எழுதுகிறார். ஜேர்மானியர், ஸ்கொத்லாந்தர், அயர்லாந்தர் ஆகியோர் நின்று காத்த கோட்டையையே நாம் 'ஒல்லாந்தர் கோட்டை' என்கிறோம். இலாபம் ஒல்லாந்தருடையதாதலின் பெயரில் நீதி இல்லாமலில்லை.

சமய விடயத்தில் இந்நிலை விசித்திரமானதொரு முரணை விளைத்தது. 1658இலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று கம்பனி கட்டளை பிறப்பித்தது. மன்னார்த் தீவிலும் மாந்தைப் பற்றிலும் இருந்த கத்தோலிக்கக் கோவில்கள் சீர்திருத்தச் சபையின் பள்ளிகளும் ஆலயங்களுமாயின. மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு குடும்பங்கள் சில உட்காட்டுக்குப் பெயர்ந்தமையே மடுத் திருப்பதியின் தோற்றம் என மரபு கூறும். இனி, அக்கட்டளையை நிறைவேற்ற நின்ற காலாள் யார்? வட ஜேர்மனியிலிருந்து வந்தவனாயின் பெரும்பாலும் லூத்தரன் சபையினன். றைன்லாந்திலிருந்து வந்தவனாயின் கத்தோலிக்கனாகவும் இருந்திருக்கக்கூடும். கம்பனியின் ஆசியத் தலைநகரான பத்தேவியாவிலேயே லூத்தரன் சபையினர் பொதுவழிபாட்டுக்கு இசைவு பெறப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருந்தனர். தனக்கெனக் கோவில் இல்லாத காவலாள், பேசாலையிலும் தலைமன்னாரிலும் பிறர் கோவிலைப் பூட்டக் காவல் நின்றான். 1687இல் யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கை வந்து மறைவாகப் பணியாற்ற முடிந்தமைக்கு ஊர்மக்களின் உறுதியே முதற் காரணம். காவலாளருள் ஒரு சாராரின் மனமின்மையும் அதற்கு இடங்கொடுத்திருத்தல் கூடும் என்பது என் ஊகம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பியக் கூலிப்படைஞனும் சுரண்டப்பட்டவனே என்ற கூற்று உண்மை. அதிலிருந்து, அவனும் மன்னார்க் கரையின் முத்துக்குளிப்போனும் ஒரே தட்டினர் என்ற முடிவுக்குத் தாவுதல் தவறு. முற்போக்கு எழுத்துக்களிற் சில இத்தவற்றைச் செய்கின்றன. கூலிப்படைஞன் கடனால் கட்டுண்டவன். ஆயினும் அவனுக்கு ஒப்பந்தம் இருந்தது, முடிவுத் திகதி இருந்தது, கம்பனிப் பேரேட்டில் ஊர்ப்பெயரோடு கூடிய பெயர் இருந்தது. அவன் இறந்தால் எஞ்சிய சம்பளம் கணக்கிடப்பட்டு உரியோர்க்குச் சேரும் வழி இருந்தது. அப்பேரேடுகள் இன்றும் ஒல்லாந்து ஆவணக்காப்பகத்தில் உள; ஒரு ஜேர்மன் சிற்றூரின் குயவன் மகன் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் ஏறினான் என்பதை அவற்றிற் காணலாம்.

மறுபுறம் நோக்குக. 1658இல் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம்வரை நடந்த படைக்குப் பீரங்கி இழுத்தோர், அரிசி சுமந்தோர், களப்பிலே தோணி வலித்தோர் எவர்? உள்நாட்டு இலஸ்கரின் படையினர் முன்னணியில் நின்றனர். அவர்தம் இழப்பு எண்ணிக்கையாகத் தோன்றுமேயன்றிப் பெயராகத் தோன்றுவதில்லை. கோட்டை கட்டவும் பேணவும் ஊழியமுறை பயன்பட்டது. போர்த்துக்கேயர் கோட்டையை ஒல்லாந்தர் 1696இல் நாற்புறக் கொத்தளங்களுடன் புதுக்கியபோது, சுண்ணாம்பு சுட்டோரும் கல் சுமந்தோரும் இக்கரையாரே. தோம்புகளில் நம்மவர் பெயர்கள் நிரம்ப உண்டு எனச் சிலர் விடை கூறலாம். உண்டுதான், ஆனால் தோம்பு மனிதனை எழுதியது நிலத்துக்கும் வரிக்கும் ஊழியத்துக்கும் அவன் கட்டுப்பட்ட அளவிலேயே. அவன் கடலிற் பட்டதை அது எழுதாது.

கடலிற் பட்டது சிறிதன்று. முத்துச்சலாபம் நடக்கும் பருவத்தில் அரிப்பை அண்டிய வெறுமணல் சில வாரங்களுக்கு ஒரு நகரமாகிவிடும். இரு கரைகளிலிருந்தும் பரதவரும் கடையரும் முஸ்லிம் சம்மாட்டிமாரும் செட்டிமாரும் வந்து குவிவர். காலாட்படையின் பணி அங்கே போரன்று. காவலும் கணக்கும் அடக்குமுறையுமே. கம்பனியின் உரிமைப்பங்கைத் தோணியிலிருந்து இறங்கும் சிப்பியிற் பிரித்தெடுக்கையில் துவக்குடன் நின்றவர்கள் இவர்களே. மன்னார்க் காவற்படையின் சரித்திரத்திற் சண்டை நடந்த நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சலாபத்துக்குக் காவல் நின்ற நாட்களே அதன் இயல்பான நாட்கள். படைப்பிரிவுகளின் வரலாற்றை எழுதுவோர் முற்றுகைகளை மட்டும் அடுக்குவது எத்துணைக் குறைபாடுடையது என்பதை இது உணர்த்தும்.

கடைசிக் கட்டத்திற் தனியாட்களின் இடத்தை முழுப் படையணிகள் பிடித்தன. ஆள்பிடித்தல் போதாமையால் கம்பனி அரசர்களிடமே படையை மொத்தமாக வாங்கத் தொடங்கிற்று. வூர்ட்டம்பேர்க் கோமகன் கார்ல் ஒய்கன் ஆடம்பரக் கடனில் மூழ்கியவர். அவர் 1786இல் ஏறத்தாழ 2000 பேர் கொண்ட காலாட்படையணியொன்றைப் பணத்துக்குத் தர இசைந்து, 1787இல் இரு பிரிவாக அதனை லுட்விக்ஸ்பூர்க்கிலிருந்து வழியனுப்பினார். 'நன்னம்பிக்கைமுனைப் படையணி' என அது அழைக்கப்பட்டது. அதே கோமகனாற் பத்தாண்டு சிறைவைக்கப்பட்டிருந்த கவிஞர் சூபார்ட் அப்படையினரின் பிரிவைப் பாடலாக்கினார். அப்பாடல் ஜேர்மனியில் நாட்டார் பாடலைப்போற் பரவிற்று. நாடகாசிரியர் சில்லர் இக்கோமகனின் ஆட்சியிலிருந்து 1782இல் தப்பியோடியவர். ஜேர்மன் சிற்றரசர் தம் குடிகளை அமெரிக்கப் போருக்கு விற்ற இழிவைச் சாடும் காட்சியொன்று அவரது 1784ஆம் ஆண்டு நாடகத்தில் இடம்பெறுகின்றது. ஐரோப்பிய இலக்கியத்தின் அறச்சீற்றம் ஒன்று நம் கரைகளை நோக்கி ஏற்றுமதியான மனிதர்களோடும் தொடர்புடையது என்பதை இலக்கிய மாணவர் மனங்கொள்வாராக.

அப்படையணி 1791வரை நன்னம்பிக்கைமுனையிற் காவலிருந்தது. பின்னர் சாவகத்துக்கும் இலங்கைக்குமாகப் பிரிக்கப்பட்டது. இடையிடையே அனுப்பப்பட்டோரையும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். ஊர் மீண்டோர் மிகச் சிலரே. காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொன்ற அளவுக்குப் பகைவர் கொன்றாரில்லை.

1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சிப்படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. இங்கிலாந்துக்கு ஓடிய ஐந்தாம் வில்லியம், குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு கடிதம் எழுதினார். ஓகஸ்டிற் திருகோணமலையும், செப்டம்பர் 28இல் யாழ்ப்பாணமும், ஒக்டோபர் 5இல் மன்னாரும் ஆங்கிலேயர் வசமாயின. மன்னாரின் விதி மன்னாரிற் தீர்மானிக்கப்படவில்லை. அதே 1795இல் சுவிற்சலாந்தின் நியூசத்தல் நகரில், பேராசிரியராயிருந்து பிரித்தானியாவின் இரகசியத் தூதரான இயூ கிளெக்கோர்ன் என்பவர், இலங்கையில் ஒல்லாந்தர் சேவையிலிருந்த சுவிற்சலாந்துப் படையணியின் உரிமையாளர் சார்ல்ஸ் தானியேல் த மெரோனுடன் ஒப்பந்தம் எழுதினார். படையணி முழுவதும் பேரேட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. கொழும்பின் காப்பு அதனாற் தளர்ந்தது. 1796 பெப்ரவரி நடுப்பகுதியிற் கொழும்பும் சரணடைய, அங்கிருந்த வூர்ட்டம்பேர்க்கினர் கைதிகளாயினர். கோமகன் விற்றோர் கைதிகளாயினர். உரிமையாளர் விற்றோர் வெற்றியாளராயினர். பின்னோர் 1799இல் சிறீரங்கபட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றனர். உரிமையாளரின் தம்பி பியேர் பிரெதெரிக் த மெரோன் இலங்கையின் படைத்துறை ஆளுநராகி, சென்னை நிருவாகத்தின் வரிமுறைக்கு எதிராகக் கிளர்ந்த கலகத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். முத்துச்சலாபமோ இடைவெளியின்றி 1796 முதல் 1799 வரை ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. கொடி மாறிய வேகத்திலும் வருவாய் திரட்டிய வேகம் பெரிது.

ஆட்சி மாறியபின் இக்கரையில் ஜேர்மன் பெயர்கள் மறைந்துவிடவில்லை. ஒல்லாந்தர் சேவையிலிருந்த குடும்பங்கள் பல ஆங்கிலேயர் சேவைக்கு மாறின. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் காவலரணைத் தாக்கி ஆங்கிலேயரை வெளியேற்றியபோது, அவனுக்கெதிராக யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முப்புறமிருந்தும் படைகள் ஏவப்பட்டன. மன்னாரிலிருந்து சென்ற பிரிவின் தலைவன் வொன் திரீபேர்க். 'வொன்' என்பது ஜேர்மன் உயர்குடிப் பெயர்களின் முன்னொட்டு. 1658இல் வான் கூன்சின் காலாட்கள் வன்னியின் கரையோரத்தை ஒட்டி நடந்தனர். 145 ஆண்டுகளின்பின் வொன் திரீபேர்க்கின் ஆட்கள் அதே மன்னாரிலிருந்து வன்னியின் நடுவையே ஊடறுத்தனர். 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியன் எதிர்பாராவகையில் வளைக்கப்பட்டான்.

அவ்விடத்திற் பின்னாளில் ஆங்கிலேயர் நிறுத்திய நடுகல் திரீபேர்க்கின் பெயரையும் வன்னியனின் பெயரையும் அத்திகதியையும் தாங்கியிருந்தது. திரீபேர்க் வன்னியனைத் தோற்கடித்தான் என்றே அக்கல் கூறியது. கொன்றான் என்று கூறவில்லை. ஆயினும் அத்திகதியையே வன்னியனின் மறைவுநாளாகக் கொள்ளும் வழக்கு நெடுங்காலம் நிலவிற்று. அக்கல் 2010இல் உடைக்கப்பட்டது.